அறுபத்து மூன்று ஹெர்ட்ஸில் எங்கள் தெரு

சுண்டங்குளத்தில் கூட்டுறவு வங்கிக்கு எதிரே இருந்த வேகத்தடை ஆவணி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு சொன்னால் மறைத்தேன் என்று ஆகிவிடும், மறைக்கும் எண்ணம் எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. அந்த வேகத்தடை வரும்போதெல்லாம் இருக்கையிலிருந்து லேசாக எழுந்து உட்காரப் பதினோரு வருடமாகப் பழகியிருந்த பால்காரர் செல்லப்பாண்டி அன்றும் எழுந்தார், வண்டி எழவில்லை, அவர் மட்டும் எழுந்து உட்கார்ந்தார், கேன்களில் ஒரு சொட்டுப் பால்கூடத் தளும்பவில்லை, அதில்தான் அவருக்குச் சந்தேகமே வந்தது.

என் பெயர் செண்பகவடிவு, வடிவு என்று கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். மின்னணுவியல் படித்து முடித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது, நேர்காணல்களில் நன்றாகத் தெரிந்ததைக்கூடத் ‘தெரியும் என்று நினைக்கிறேன்’ என்று சொல்லிச் சொல்லி ஊருக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். என் அப்பா கொம்பையா தங்கக்கண் அண்ணாச்சியின் சவுண்ட் சர்வீஸில் வேலை பார்க்கிறார், கோவில் கொடையோ சடங்கு வீடோ எதுவானாலும் மரத்திலும் கம்பத்திலும் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது அவர்தான். தரையில் நிற்கும் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை அண்ணாச்சி கடையில் வாங்குவதில்லை, பிளைவுட் அறுத்துத் தானே அடிப்பார், அடித்த பெட்டிக்குள் தலையை விட்டு ‘ஹோ’ என்று ஒரு சத்தம் போட்டு, அது திரும்பி வருகிற தினுசைக் காதில் வாங்கிக்கொண்டு, இது நாலு மூட்டை உமி பிடிக்கிற பெட்டி, இது ஐந்து என்று முடிவுசெய்வார். அப்படித்தான் முப்பது வருடம் ஓடியது. அந்த வருடக் கொடையில் பக்கத்து ஊர் ஆட்கள் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து அடித்த பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்க, ஊர்ச்சனம் முழுக்க அந்தப் பக்கம் போய் நின்று ஆடிவிட்டது. அண்ணாச்சி இரண்டு நாள் சாப்பிடவில்லை, மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“ஏம்மா வடிவு, நீ படிச்ச படிப்புல இந்தப் பெட்டி கிட்டி எல்லாம் வருமா?”

“வரும்னு நெனைக்கேன் அண்ணாச்சி.”

“நெனைக்காண்டாம். வருமா, வராதா?”

“பாத்துட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி.”

“ஒங்க அப்பன் மரத்துல ஏறச் சொன்னா ஏறிட்டுத்தான் பாப்பான். நீ பாத்துட்டுத்தான் ஏறுவ போலுக்கு” என்றார்.

இரண்டு மென்பொருள்களை இறக்கினேன், இரண்டுமே இலவசம். ஒன்று பெட்டி செய்வதற்கு முன்னால் வேண்டியது. ஸ்பீக்கரோடு வரும் தாளில் அச்சிட்டிருக்கும் எண்களை ஒன்றுவிடாமல் கொடுத்தால், இத்தனை லிட்டர் பெட்டி, இவ்வளவு நீளத்துக்குக் காற்றுக்குழல் என்று சொல்லிவிடும். மற்றது செய்த பின்னால் வேண்டியது. இருபது ஹெர்ட்ஸ் என்னும் அடிவயிற்று உறுமலில் தொடங்கி இருபதாயிரம் என்னும் கொசுக் கீச்சல் வரைக்கும் ஒரே மூச்சில் ஒரு சத்தத்தைப் பெட்டி வழியாக ஏற்றிக்கொண்டே போகும், எதிரே வைத்த அளவு மைக் அதைக் கேட்கும், கேட்டதைத் திரையில் இடமிருந்து வலமாக ஒரு கோடாக வரையும். எந்தச் சத்தம் தேவைக்கு மேல் வருகிறதோ அங்கே கோடு மேடாகும், வராத இடத்தில் பள்ளமாகும். மேட்டை இறக்கிப் பள்ளத்தை ஏற்றிக் கோட்டை முடிந்தவரை சமமாக்குவதுதான் வேலை, இறக்குவதும் ஏற்றுவதும் டெசிபல் கணக்கில். பெட்டி நூற்று எழுபத்திரண்டு லிட்டர் என்று வந்தது. “அது எத்தனை மூட்டை உமி?” என்று அண்ணாச்சி கேட்டார். மூன்று முறை சரிபார்த்துச் சொன்னேன்.

புதுப் பெட்டியின் முதல் சத்தம் ஊரைப் பார்த்துத்தான் வர வேண்டும், முதல் கொடை முடியும்வரை அந்தப் பெட்டியை வைத்த இடத்திலிருந்து அசைக்கக் கூடாது என்பது அண்ணாச்சி கடையின் வழக்கம். அதனால் பெட்டியை ஊரின் மேற்குக் கோடியில், சாலை தொடங்கும் முக்கில், ஆவுடையப்பன் முதலாளியின் கல்யாண மஹால் முன்பக்கச் சுவருக்கு முன்னால் கிழக்கே பார்த்து வைத்தார்கள். நான்கு மூலைக்கும் சந்தனம் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தார் அண்ணாச்சி, கையில் மிச்சமிருந்த சந்தனத்தை எனது அளவு மைக்கின் நுனியிலும் வைத்தார்.

“அண்ணாச்சி, அது மைக்கு.”

“தெரியுது. மைக்குக்கு வைக்கக் கூடாதுன்னு ஒங்க காலேஜ்ல சொல்லிருக்காவளா?”

சொல்லியிருக்கவில்லை. அன்று சாயங்காலம் மைக்கோடு வந்த கையேட்டை முழுதும் படித்தேன், ஈரம் படக்கூடாது என்று இருந்தது, சந்தனத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. அதனால்தான் அப்படி ஆயிற்றா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, தெரியாததைத் தெரியாது என்றுதான் சொல்ல முடியும்.

முதல் கோட்டில் இருநூறு ஹெர்ட்ஸில் ஒரு சின்ன மேடு இருந்தது. ஒரு டெசிபல் இறக்கிச் சேமித்தேன். மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை முந்நூற்றுப் பதினைந்தில் ஒரு பள்ளத்தை ஏற்றினேன், வியாழக்கிழமை காலை டீக்கடை முன்னால் லாரிகள் குளித்துவிட்டுப் போகும் குழி சாலையோடு சாலையாக நிரம்பிக் கிடந்தது, தார்கூடப் பழைய தார்தான். சுண்டங்குளம் ஒரே சாலையாக மேற்கிலிருந்து கிழக்கே நீளவாக்கில் கிடக்கிற ஊர். மடிக்கணினியை அப்பாவின் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் நடந்து பார்த்தேன், கோடும் ஊரும் ஒன்றாக இருந்தன. இடது ஓரத்தில் முப்பது ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் மஹால், நாற்பதிலிருந்து எண்பது வரை எங்கள் ஓடைத்தெரு, நூற்று நாற்பதில் அண்ணாச்சியின் கடை, அதைத் தாண்டி பஜார், ஆயிரத்தில் கோவில், மூவாயிரத்து ஐந்நூறில் பேரூராட்சி அலுவலகம், பத்தாயிரத்தில் வீடுகள் குறைந்து கருவேலங்காடு, பதினாறாயிரத்துக்கு மேல் சுடுகாடு. அந்தக் கடைசிச் சத்தம் எனக்குக் கேட்டது, அப்பாவுக்குக் கேட்கவில்லை, நாய்கள் மட்டும் தலையைத் திருப்பின.

ஊர் இதற்கு ஆச்சரியப்படும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன், ஊர் கோபித்துக்கொண்டது. இத்தனை நாள் ஏன் செய்யவில்லை என்றது. ஆடி மாதமே செய்திருந்தால் சப்பரம் சாயாமல் போயிருக்குமே என்றது. ஒரு வாரத்துக்குள் அண்ணாச்சி கடை வாசலில் வரிசை நின்றது. வாசல் மேடாக இருப்பதால் வண்டி ஏறவில்லை என்பவர்களும், வாசல் தாழ்வாக இருப்பதால் மழைத்தண்ணீர் வருகிறது என்பவர்களும், ஒன்றும் குறையில்லை ஆனாலும் பக்கத்து வீட்டைவிட ஒரு டெசிபலாவது கூட இருக்கட்டும் என்பவர்களும் வந்தார்கள். ஒரு டெசிபலுக்கு ஒரு சாண் என்று அளந்து கண்டுபிடித்திருந்தேன். பெயர், கதவு எண், ஹெர்ட்ஸ், வேண்டிய உயரம், அண்டை வீட்டாரின் சம்மதம் என்று ஐந்து கட்டங்கள் போட்டு ஒரு படிவம் தயாரித்தேன், நான்கு கட்டங்களை எல்லோரும் மகிழ்ச்சியாக நிரப்பினார்கள். தபால்காரர் கதவு எண்ணை விட்டுவிட்டு ஹெர்ட்ஸைப் பார்த்துக் கடிதம் கொடுக்கத் தொடங்கினார். கல்யாணத் தரகர்கள் ‘பொண்ணு வீடு ஐந்நூறுக்கு மேல, நல்ல சமமான எடம்’ என்று பேசினார்கள். பேரூராட்சிக்காரர்கள் வந்து, நிரம்பிய குழியைச் சுற்றி மூன்று முறை நடந்து, பணி நிறைவடைந்தது என்று அதன்மேல் ஒரு பலகை நட்டார்கள், பலகை நடுவதற்காக அந்த இடத்தில் ஒரு குழி தோண்ட வேண்டியிருந்தது, அதை நான் மறுபடி ஏற்றிக்கொடுத்தேன்.

இதில் என் கவலை ஒன்றே ஒன்று. அக்கா முப்பிடாதிக்கு அப்போது எட்டாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வர வேண்டியவள், கோவில்பட்டியில் மாமியார் வீட்டில் உட்கார்ந்திருந்தாள், ஏனென்றால் போன வருட ஐப்பசியில் எங்கள் தெருவில் தொடையளவு தண்ணீர் நின்றது, எங்கள் வீட்டுக் கட்டில் பின்கதவு வழியாக மிதந்து போய் மூன்றாம் வீட்டில் கிடைத்தது, அந்தச் செய்தி கட்டிலைவிட வேகமாகக் கோவில்பட்டிக்குப் போய்விட்டது. “தண்ணி வராதுன்னு சொல்லுங்க, அனுப்புதோம். பச்சப்பிள்ளைய மெதக்க விடுததுக்கா அனுப்புவோம்?” என்று அவள் மாமியார் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அக்கா தினம் போனில் அழுதாள். “வடிவு, எனக்கு அம்மா பக்கத்துல இருக்கணும்ட்டி” என்பதைத் தவிர அவள் வேறு எதுவும் சொல்லவில்லை.

எங்கள் தெருவை முதலிலேயே ஏற்றியிருக்கலாம். அப்பாதான் வேண்டாம் என்றார். “மொதல்ல நம்ம வீட்ட ஏத்துனா, கொம்பையா மவ தனக்குத்தான் செஞ்சுக்கிட்டாம்பான். கடைசியா ஏத்து. மழைக்கு முன்னாடி ஏத்து, அது போதும்.” நானும் படிவங்களை வரிசைப்படி முடித்தேன். புரட்டாசி கடைசி வாரத்தில்தான் எங்கள் முறை வந்தது.

அறுபத்து மூன்று ஹெர்ட்ஸில் செங்குத்தாக ஒரு பள்ளம். மூன்று டெசிபல் ஏற்றினேன், மறுநாள் தெரு அப்படியே கிடந்தது. ஆறு ஏற்றினேன், அப்படியே கிடந்தது. ஒன்பது ஏற்றினேன். பன்னிரண்டு ஏற்ற ஆம்ப்ளிஃபயரில் இடம் போதாமல், ஊர் முழுவதையும் ஆறு டெசிபல் இறக்கிவிட்டு அதற்குமேல் ஏற்றினேன். ஊர் மொத்தமும் சீராக ஆறு சாண் இறங்கியது, எல்லாம் சேர்ந்து இறங்கியதால் யாருக்கும் தெரியவில்லை, கிணற்றில் கயிறு நீளமாகிவிட்டது என்று மட்டும் பேசிக்கொண்டார்கள். ஸ்பீக்கர் மூச்சுத் திணறி அடித்துக்கொண்டது, வார்னிஷ் கருகும் வாசனை வந்தது. எங்கள் தெரு ஒரு விரற்கடை எழவில்லை.

“படிச்ச பிள்ள, ஊருக்கெல்லாம் பண்ணுதா, சொந்தத் தெருவுக்கு முடியல பாத்தியா” என்று இட்லிக்கடை பாப்பா அக்கா அம்மாவிடம் சொன்னாள். “நேர்காணல்லயும் இப்படித்தான் இருந்திருப்பா.” அது உண்மைதான்.

மென்பொருளின் உதவிப் பக்கத்தில், யாரும் படிக்காத கடைசிப் பகுதியில் பதில் இருந்தது. சில பள்ளங்கள் சத்தம் குறைவதால் வருவதில்லை. பெட்டியிலிருந்து நேராக வரும் சத்தமும், பின்னால் இருக்கும் சுவரில் மோதித் திரும்பி வரும் சத்தமும் எதிரும் புதிருமாகச் சந்தித்து ஒன்றையொன்று விழுங்கிவிடும், நீ எவ்வளவு ஊற்றினாலும் சுவரும் அதே அளவு திருப்பி அனுப்பும், ஆகவே ஏற்றாதே, பெட்டியை நகர்த்து, அல்லது சுவரை எடு. டேப்பை எடுத்துக்கொண்டு முக்குக்குப் போனேன். பெட்டியின் முகத்துக்கும் மஹால் சுவருக்கும் நடுவே நாலரை அடி. கணக்குப் போட்டேன், அறுபத்து மூன்று வந்தது. இன்னொரு முறை போட்டேன், அதே அறுபத்து மூன்று.

அந்தச் சுவரைப் பற்றி எங்கள் தெருவில் யாருக்கும் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே காட்டிலிருந்து வரும் ஓடை, முன்பு அந்த இடத்தின் வழியாகத்தான் சாலைப் பாலத்துக்கு அடியில் நுழைந்து குளத்துக்குப் போனது. ஆறு வருடத்துக்கு முன் ஆவுடையப்பன் முதலாளி அங்கே மண் கொட்டி உயர்த்தி, மஹால் கட்டி, பாலத்தின் வாயை மறைத்து முன்பக்கம் சுவர் வைத்தார். அன்றிலிருந்து தண்ணீர் வழி கேட்டு எங்கள் தெருவுக்கு வருகிறது.

அண்ணாச்சி கடையில் ஊர் கூடியது. நான் எழுந்து நின்று உள்ளதைச் சொன்னேன். சுவர் இருக்கிறவரை பள்ளம் எங்காவது இருக்கும், அழிக்க முடியாது, பெட்டியை நகர்த்தினால் பள்ளமும் நகரும், அவ்வளவுதான்.

“அப்பச் சுடுகாட்டுக்குத் தள்ளிரு” என்றார் செல்லப்பாண்டி. “செத்தவனுக்கு என்ன பள்ளம், மேடு?”

“அதுக்குப் பெட்டி சுவர்ல ஒட்டிக்கிட்டு இருக்கணும் மாமா. அரை விரற்கடைகூட இருக்கக் கூடாது. பெட்டியோட ஆழமே ரெண்டடி.”

“ரெண்டடியில வச்சா பள்ளம் எங்க போவும்?” என்று கேட்டார் அண்ணாச்சி.

நான் தரையைப் பார்த்தேன். “நூத்தி நாப்பதுக்கு.”

“நூத்தி நாப்பதுல யாரு இருக்கா?”

அவர் தன்னைச் சுற்றி அடுக்கியிருந்த ஆம்ப்ளிஃபயர்களையும், மிக்சரையும், கூரையில் தொங்கிய குழாய்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார். “பெட்டிய இடம் மாத்துதது நம்ம கடை வழக்கம் இல்ல” என்றார்.

“முன்னால நகட்டுனா?” என்றாள் பாப்பா அக்கா.

“ஒம்பதடிக்கு நகட்டுனா முப்பத்தொண்ணுக்குப் போவும். அது மஹால்.”

“அப்ப வழக்கத்த மாத்திக்கிடலாம்” என்றார் அண்ணாச்சி.

கூட்டம் அதோடு நிம்மதியாகக் கலைந்தது, எனக்கு மட்டும் நிம்மதி இல்லை. நான் பள்ளத்தை நிரப்பப் போவதில்லை, எங்கள் வீட்டிலிருந்து எடுத்து இன்னொருவர் வீட்டில் வைக்கப் போகிறேன். அதை அவரிடம் சொல்லாமல் வைப்பது சரியில்லை என்று பட்டது. மறுநாள் மஹாலுக்குப் போனேன். ஆவுடையப்பன் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து, சனிக்கிழமை காதுகுத்துக்குப் பந்தல்காரனை விரட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, திரையைக் காட்டி, நாலரை அடிக் கணக்கையும் போட்டுக் காட்டினேன்.

“பாட்டுப்பெட்டிய வச்சு என்னைய மெரட்டுதியா?”

“இல்ல மொதலாளி. சுவர்ல பாலத்துக்கு நேரா ஒரு எட்டடி எடுத்துட்டா ஒருத்தருக்கும் பள்ளம் இருக்காது. இல்லன்னா பெட்டிய நாளைக்கு நகட்டணும். அக்கா அடுத்த வியாழக்கிழம வரணும், அவளுக்கு நாள் நெருங்கிட்டு. நகட்டுனா ஒங்களுக்கு வரும். அதான் சொல்லிட்டுப் போலாம்னு.”

“பட்டா இருக்கு என்கிட்ட.”

“இருக்கும் மொதலாளி. பட்டாவுக்கு எத்தன ஹெர்ட்ஸுன்னு மென்பொருள்ல வரல.”

கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே தேடிப் பார்த்திருந்தேன். அவர் பந்தல்காரனைப் பார்த்தபடியே, “கொம்பையா மவதான நீ? போ, என்ன வேணாலும் நகட்டு” என்றார். காதுகுத்து வீட்டாரிடமும் போய்ச் சொன்னேன். நாள் குறித்தாயிற்று, பத்திரிகை கொடுத்தாயிற்று, கீழே இறங்கித்தானே போக வேண்டும், ஏறச் சொன்னால்தான் கஷ்டம் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பாவும் நானும் பெட்டியைத் தள்ளினோம். ஒன்பது அடி என்பது சாலையின் நட்ட நடு. பேருந்து வந்து நின்றது, ஓட்டுநர் ஹாரன் அடித்தார், அந்த ஹாரனும் அளவில் சேர்ந்துவிடும் என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன், அவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்து பார்த்தார், பயணிகளும் இறங்கி வந்து பார்த்தார்கள், நாற்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, இருபதிலிருந்து இருபதாயிரம் வரை சத்தம் ஒரு தடவை போய் முடிந்தது. சேமித்தேன்.

சனிக்கிழமை காலையில் எங்கள் தெரு சாலையோடு சமமாக இருந்தது. மஹால் மட்டும் வாசற்படியோடு சேர்ந்து ஆளுயரத்துக்குக் கீழே கிடந்தது. காதுகுத்துக்காரர்கள் ஏணி கட்டி இறங்கினார்கள், தாய்மாமன் சீர்த்தட்டுகளை மேலிருந்து கயிற்றில் இறக்கினார்கள், மேளக்காரர்கள் மேலேயே நின்று வாசித்தார்கள், கீழே சத்தம் நன்றாகக் கேட்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். பதினொரு மணிக்கு மழை பிடித்தது. ஒன்றரை மணி நேரம் நிற்காத மழை. காட்டிலிருந்து வந்த தண்ணீர் எங்கள் தெருவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஆறு வருடமாக மறந்திருந்த வழியில் மஹாலின் திறந்த பின்பக்கமாக நுழைந்து, சமையல் கட்டைத் தாண்டி, சாப்பாட்டுக் கூடத்தைத் தாண்டி, முன்பக்கச் சுவரில் வந்து முட்டி நின்று ஏறத் தொடங்கியது. அப்போது இரண்டாம் பந்தி. உட்கார்ந்திருந்தவர்கள் காலைத் தூக்கி நாற்காலியில் மடக்கி வைத்துக்கொண்டு ரசம் கேட்டார்கள், பரிமாறுகிறவர்கள் முழங்காலளவு தண்ணீரில் நடந்து வந்து ஊற்றினார்கள், ஒருவர் இலையில் அப்பளம் விழுவதற்கும் இலை மிதந்து அடுத்தவரிடம் போவதற்கும் சரியாக இருந்தது, அடுத்தவர் அதைச் சாப்பிட்டார்.

ஆவுடையப்பன் முதலாளி வேட்டியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நின்று, தன் சுவரைப் பார்த்தார். அந்தச் சுவரை அவர் இதுவரை தண்ணீருக்குள் நின்று பார்த்ததில்லை. நாங்கள் எல்லோரும் மேலே குடை பிடித்துக்கொண்டு நின்றோம். ஒருவரும் சிரிக்கவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும், செல்லப்பாண்டி சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

“ஏ கொம்பையா” என்று முதலாளி மேலே பார்த்துக் கத்தினார். “கடப்பாரை இருக்கா?”

“இருக்கு மொதலாளி” என்றார் அப்பா. “ஆறு வருசமா இருக்கு.”

அப்பா கடப்பாரையோடு ஏணியில் இறங்கினார். முதல் குத்தை முதலாளிதான் குத்தினார், தன் சுவரில் இன்னொருவன் முதலில் கை வைக்கக் கூடாது என்று பிடிவாதம். பிறகு அப்பா, பிறகு காதுகுத்து வீட்டுத் தாய்மாமன், பிறகு பந்தியை முடித்துக் கை கழுவியவர்கள் ஒவ்வொருவராக. எட்டடி சாய்ந்ததும் தண்ணீர் பாலத்துக்குள் பாய்ந்த சத்தத்தை நான் அளக்கவில்லை, மைக் நனைந்துவிடுமே என்று துண்டில் சுற்றி வைத்திருந்தேன். மழை விட்டதும் மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், கோடு முப்பத்தொன்றிலும் சமம், அறுபத்து மூன்றிலும் சமம், சேமித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை மஹால் மேலே வந்துவிட்டது, நடுவில் ஓடை மட்டும் வெட்டுப்பட்டபடியே இருந்தது, அதன்மேல் பாலம் மாதிரி ஒரு கல்பலகை போட்டுக்கொள்வதாக முதலாளி சொன்னார். நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். “சொல்லிட்டுத்தான செஞ்ச” என்றார் அவர், அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

வியாழக்கிழமை அக்கா வந்தாள். அவள் மாமியாரும் கூடவே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டின் நான்கு மூலையிலும் வெறுங்காலால் அழுத்தி அழுத்தி நடந்து பார்த்து, “காஞ்சுதான் கெடக்கு” என்று ஒத்துக்கொண்டார். அன்று முழுதும் அக்கா அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். ஐப்பசி இருபதாம் தேதி அரசு மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது, நான்காம் நாள் வீட்டுக்கு வந்தது.

அன்று முற்பகல் நான் மைக் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக வீட்டு மேசையில் வைத்து மென்பொருளைத் திறந்திருந்தேன். குழந்தைக்குப் பசி வந்தது. பத்து விநாடிதான் அழுதது, அதற்குள் திரையில் கோடு போட்டு முடித்துவிட்டது, மூவாயிரத்து ஐந்நூறு ஹெர்ட்ஸில் பதினைந்து டெசிபல் மேடு. ‘சேமி’ என்பதை நான் அழுத்தவில்லை, இதை மூன்று முறை யோசித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

மறுநாள் காலை பேரூராட்சி அலுவலகம் பதினைந்து சாண் உயரத்தில், ஒரு குன்றின்மேல் இருந்தது. தலைவரின் கார் அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. பத்து மணிக்குத் தலைவரும் செயல் அலுவலரும் ஒரு எழுத்தரும் படிவத்தை நிரப்பி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் நிலைவாசல் தாழ்வானது, மூவரும் குனிந்துதான் உள்ளே வர வேண்டியிருந்தது.

“இதக் கொஞ்சம் எறக்கிக் குடுத்துரும்மா. மனு குடுக்க வாரவங்க ஏற முடியலங்காங்க” என்றார் தலைவர்.

“ஏத்துனது நான் இல்ல சார்.”

“பின்ன யாரு?”

அக்கா சேலைத் தொட்டிலைக் காட்டினாள். தலைவர் எட்டிப் பார்த்தார். குழந்தை கையை மூடிக்கொண்டு தூங்கியது. அவர் குரல் தானாக இறங்கியது.

“பேரென்ன?”

“இன்னும் வைக்கல சார்.”

“எப்பக் கொறையும்?”

“பசி தீந்தா கொறையும். மொகம் பாத்துச் சிரிக்க ஆரம்பிச்சுட்டா ரொம்பக் கொறையும்” என்றாள் அக்கா. “மூணு மாசம் பொறுத்துக்கோங்க சார். பச்சப்பிள்ள.”

தலைவர் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். அண்டை வீட்டாரின் சம்மதம் என்ற கட்டம் காலியாக இருந்தது, அதை யாரிடம் வாங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அம்மா கொடுத்த காபியைச் சத்தமில்லாமல் குடித்தார்கள். குழந்தை விழித்துவிடக் கூடாது என்று மூவரும் கால் பெருவிரலை ஊன்றி ஊன்றி வாசலுக்கு நடந்தார்கள், தலைவர் குனிந்தார், எழுத்தர் குனிந்தார், செயல் அலுவலர் குனியும்போது அவர் சட்டைப்பையில் கைபேசி அடித்தது, தொட்டில் அசைந்தது.

மறுநாள் அலுவலகத்துக்கு ஏறுகிற இடத்தில் இன்னும் மூன்று படி வெட்ட வேண்டியிருந்தது.